கரை வியர்க்கிறதா, கரைகிறதா? ஆவிக்குரிய விழிப்பு: ஓர் எளிய விளக்கம்

மேலூருக்குக் கிழக்கே என் அம்மாவின் ஊர். 1895-இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் கால்வாய் வழியாக இன்றும் அந்த வட்டாரத்துக் கண்மாய்களுக்கு வருகிறது. அதோடு ஐப்பசி மழையும் சேர்ந்து கண்மாய் நிறைந்துவிட்டால், ஊரில் இரவுக் காவல் போடுவார்கள். என் பெரிய மாமா ஒரு கையில் டார்ச் விளக்கும் தோளில் மண்வெட்டியுமாகக் கரைமேல் நடப்பார். பத்து வயதில் நானும் அவர் பின்னால் போயிருக்கிறேன்.

அலையடித்துக்கொண்டு தண்ணீர் நிற்கும் பக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கும். மாமாவோ அந்தப் பக்கம் அதிகம் பார்க்க மாட்டார். வயல் பக்கச் சரிவிலேயே வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போவார். எங்காவது புல் நனைந்திருந்தால் குத்தவைத்து உட்கார்ந்து, கசிகிற நீரை உள்ளங்கையில் ஏந்தி, விளக்கை அதன்மேல் பிடிப்பார். "தெளிவாக வந்தால் கரை வியர்க்கிறது, மாப்பிள்ளை. கலங்கி வந்தால் கரை கரைகிறது" என்பார். தெளிவாக இருந்தால் எழுந்து நடப்பார். கலங்கியிருந்தால் அந்த நேரத்திலேயே ஆட்களை எழுப்புவார்.

நான் மதுரையில் ஒரு சபையில் வாலிபர் வேதபாட வகுப்புக்கு உதவி செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, விழித்திருங்கள், விழித்திருங்கள் என்று எல்லாப் பிரசங்கத்திலும் சொல்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் எழுந்து நான் என்ன செய்தால் அது விழித்திருப்பது?" நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த சொல்லுக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்தபோது மாமாவின் உள்ளங்கைதான் முதலில் நினைவுக்கு வந்தது. அவளைப் போலப் புதிதாகக் கேட்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எவற்றையெல்லாம் விழிப்பு என்று எண்ணிக்கொள்கிறோம்

பலருக்கு விழித்திருத்தல் என்றால் முழு இரவு ஜெபம். முழு இரவு ஜெபம் நல்லது, நானும் போகிறேன். ஆனால் இயேசு சொன்ன பத்துக் கன்னிகைகள் உவமையைக் கவனித்துப் படியுங்கள் (மத்தேயு 25). மணவாளன் வரத் தாமதமானபோது புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள், புத்தியில்லாத ஐந்து பேரும் தூங்கினார்கள். அந்தக் கதையில் கண்ணை மூடாமல் இருந்தவர் ஒருவரும் இல்லை. வேறுபாடு எண்ணெயில் இருந்தது. அதே உவமை "விழித்திருங்கள்" என்ற கட்டளையோடுதான் முடிகிறது. ஆகவே இந்தச் சொல் கண் இமையைப் பற்றியது மட்டும் இல்லை என்பது தெளிவு.

வேறு சிலருக்கு விழிப்பு என்றால் பயம். முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் பயம், கெட்ட கனவு கண்டால் பயம், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயம், பஸ் பழுதாகி நின்றால் அதுவும் பிசாசின் வேலை. இன்னும் சிலர் செய்தித்தாளை வைத்துக் கடைசிக் காலக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மத்தேயு 24-இல் விழித்திருக்கச் சொல்வதற்குக் காட்டப்படும் காரணமே நாம் அந்த நாழிகையை அறியோம் என்பதுதான். தேதி தெரிந்தவனுக்குக் காவல் எதற்கு? முந்தின நாள் எழுந்தால் போதுமே.

இவை எல்லாவற்றையும்விடத் தீங்கானது ஒன்று உண்டு: பிறரை வேவு பார்ப்பதையே விழிப்பு என்று எண்ணுவது. யார் ஆலயத்துக்கு வரவில்லை, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள், எந்த ஊழியர் எங்கே சறுக்கினார் என்பதில் சிலர் மிகவும் விழிப்பாக இருக்கிறார்கள். அந்தக் காவலாளி பக்கத்து ஊர்க் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய கரையில் விளக்கு இல்லை.

சுருக்கமாக: தூங்காமல் இருப்பது, நடுங்கிக்கொண்டே இருப்பது, நாள் கணக்குப் பார்ப்பது, பிறரைக் கண்காணிப்பது ஆகிய நான்குக்கும் விழிப்பு என்ற பெயர் தவறாக ஒட்டியிருக்கிறது.

மூன்று சொற்கள்

முதல் சொல் "விழித்திருங்கள்." புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இது "கிரேகொரேயோ" என்ற வினை. எழுந்த நிலையில் இருப்பது, உணர்வோடு இருப்பது என்று பொருள். நம்மூரில் கிரகோரி என்று பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் பெயர் இந்த வேரிலிருந்து வந்தது. விழிப்பானவர் என்று அர்த்தம்.

இரண்டாவது, "தெளிந்த புத்தி." இயேசுவின் சீடரான பேதுரு தம் முதல் கடிதத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்" (1 பேதுரு 5:8). இதற்குரிய கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் போதையில்லாமல் இருப்பது. போதை என்றதும் மதுவை மட்டும் நினைக்கிறோம். புகழ், கோபம், பணக்கவலை, ஓயாத வேலை என மனிதனின் பார்வையை மங்கச் செய்யும் எதுவும் போதைதான். பதற்றமும் அதில் அடங்கும். பயத்தில் நடுங்குகிறவனும் தெளிந்த புத்தியோடு இல்லை.

மூன்றாவது, "சோதனை." தமிழில் இந்த ஒரே சொல் பரீட்சைக்கும் வருகிறது, பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலுக்கும் வருகிறது. கிரேக்கச் சொல்லும் இப்படி இரட்டைப் பொருள் கொண்டதுதான். ஒரே நிகழ்ச்சி என்னைப் பலப்படுத்தவும் கூடும், கவிழ்க்கவும் கூடும். எது நடக்கும் என்பதில் என் கவனத்துக்கும் பங்கு உண்டு. அதனால்தான் "சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இயேசு இரண்டையும் இணைத்தார்.

பேதுரு வாளோடு காத்திருந்தார்

"விழித்திருங்கள்" என்று எழுதிய பேதுரு யார் என்பதை மறந்துவிடக் கூடாது. கெத்செமனே தோட்டத்தில் ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியாமல் தூங்கியவர் அவர். அனுபவப்பட்டவர் எழுதிய எச்சரிக்கை அது.

அந்த இரவை மெதுவாக நடத்திப் பாருங்கள். பந்தி முடிந்து ஒலிவமலைக்குப் போகையில், எல்லாரும் இடறினாலும் நான் ஒருக்காலும் இடறமாட்டேன் என்கிறார். தோட்டத்தில் ஜெபிக்க வேண்டிய நேரத்தில் தூங்குகிறார். சேவகர்கள் வந்ததும் துள்ளி எழுந்து வாளை உருவி ஒருவனுடைய காதை வெட்டுகிறார். பிறகு கைதான ஆண்டவருக்குப் பின்னால் தூரத்திலே போகிறார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில், இயேசுவைப் பிடித்து வந்தவர்கள் மூட்டிய நெருப்பில் அவர்களோடு குளிர்காய்கிறார். அங்கே ஒரு வேலைக்காரப் பெண் கேட்கிறாள்: நீயும் அவரோடு இருந்தவன்தானே?

அங்கே விழுந்தார்.

பேதுருவைக் கோழை என்று சொல்லிப் பிரசங்கம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆயுதம் தாங்கிய கூட்டத்துக்கு எதிரே ஒற்றை வாளோடு நின்றவர் கோழை ஆவாரா? பெரிய ஆபத்துக்கு அவர் ஆயத்தமாகவே இருந்தார். சேவகனின் வாள் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். குளிருக்கு ஒதுங்கிய இடத்தில், ஒரு பெண்ணின் சாதாரணக் கேள்வியாக அது வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மறைந்திருக்கும் ஆபத்து என்று வேதம் சொல்வது இதைத்தான். ஆபத்து எங்கேயோ பதுங்கிக்கொண்டிருக்கிறது என்பதைவிட, எதிரே வந்து நின்றாலும் அது ஆபத்தின் முகத்தோடு வருவதில்லை என்பதே உண்மைக்கு நெருக்கம்.

செங்குத்துப் பாறையின் பக்கம்

இதே பாடத்தை ஓர் ஊரே இரண்டு முறை படித்தது. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளில் சர்தையும் ஒன்று. இன்றைய துருக்கியில் இருக்கிறது. திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போனவர்களுக்கு அதன் அமைப்பு எளிதில் புரியும். செங்குத்தான பாறைக் குன்றின்மேல் கோட்டை. ஏற முடியாத பக்கத்தில் காவல் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

கி.மு. 546 வாக்கில் பாரசீக அரசன் கோரேஸ் முற்றுகையிட்டான். கோட்டைக்குள்ளிருந்த ஒரு வீரன் கீழே உருண்டு விழுந்த தன் தலைக்கவசத்தை எடுக்கப் பாறை வழியாக இறங்கி, மறுபடி ஏறிப் போனதை எதிரிப்படை வீரன் ஒருவன் பார்த்துவிட்டான் என்று பழைய கிரேக்க வரலாறு சொல்கிறது. அந்த வழியாகவே ஏறி ஊரைப் பிடித்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கி.மு. 214 வாக்கில், அரசன் மூன்றாம் அந்தியோகுவின் படையும் அதேபோல் காவலில்லாத மதில் வழியாகத்தான் நுழைந்தது. இம்முறை எதிரிக்குத் துப்புக் கொடுத்தவை பறவைகள். மதிலின் ஒரு பகுதியில் கழுகுகள் கவலையின்றி உட்கார்ந்திருந்தன. அங்கே ஆள் நடமாட்டம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த ஊர்ச் சபைக்குத்தான் "நீ விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்ற செய்தி போகிறது (வெளி. 3:3). அந்த மக்கள் அதைக் கேட்டபோது தங்கள் ஊரின் பாறையை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால், ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: எந்தப் பக்கத்தில் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்? குடிக்காதவருக்குக் குடி ஆபத்தாகத் தெரியாது. அவருடைய பாறை வேறு பக்கம் இருக்கலாம். "நான் பணத்துக்கு மயங்குகிறவன் இல்லை" என்கிறவருக்குக் காவல் இல்லாத இடம் பெரும்பாலும் அதுவே.

இதுவரை பார்த்தது: விழிப்பு என்பது தெளிந்த மனதோடு எழுந்த நிலையில் இருப்பது. ஆபத்து பெரும்பாலும் சாதாரண உருவில், நாம் பத்திரம் என்று நினைக்கிற பக்கத்திலிருந்து வருகிறது.

கரைக்குள் என்ன நடக்கிறது

இப்போது கண்மாய்க்குத் திரும்புவோம். மண்கரை உடைவது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், மனித மனம் விழுவது எப்படி என்பது பாதி விளங்கிவிடும்.

எல்லா மண்கரையிலும் நீர் கசியும். அது குற்றமில்லை. நண்டு வளை, எலி வளை, மட்கிப்போன மரத்தின் வேர் இருந்த துளை என எங்காவது நீருக்கு வழி கிடைக்கும். மண்ணை அசைக்காமல் நீர் மட்டும் வந்தால் கரை தாங்கும். ஒரு கட்டத்தில் வேகம் கூடி, நீர் தன்னோடு மண் துகளையும் எடுத்துக்கொண்டு வரத் தொடங்கும். ஒரு துகள் போனால் துளை அந்த அளவுக்குப் பெரிதாகும். துளை பெரிதானால் இன்னும் அதிக மண் போகும். வயல் பக்கத்தில் தொடங்கிய அரிப்பு, கரையின் வயிற்றுக்குள்ளேயே தண்ணீரை நோக்கிப் பின்னால் ஏறிப் போகும். அப்போதும் கரையின் மேற்புறம் புல்லோடு பச்சையாக இருக்கும். மாட்டுவண்டி போனாலும் தாங்கும். இரண்டு பக்கமும் சேர்ந்த அந்த இரவில் உடைப்பு. மறுநாள் எல்லாரும் "ஒரே ராத்திரியில் உடைந்துவிட்டது" என்பார்கள்.

யாக்கோபின் கடிதம் மனதைப் பற்றி இதே வரிசையைத்தான் சொல்கிறது. மனிதன் தன் இச்சையினால் "இழுக்கப்பட்டு, சிக்குண்டு" சோதிக்கப்படுகிறான். பின்பு இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பெறுகிறது. பாவம் முதிர்ந்து மரணத்தைப் பெறுகிறது (1:14, 15). இச்சை என்றால் தகாத ஆசை என்று இங்கே வைத்துக்கொள்வோம். "சிக்குண்டு" என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் தூண்டிலில் இரை வைப்பதைக் குறிக்கும். மீன் தூண்டிலைத் தேடி வருவதில்லை. புழுவைப் பார்த்துத்தான் வருகிறது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள் இந்த இயக்கத்தைத் தங்கள் மனதிலேயே பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்தார்கள். அவர்கள் வழியில் வந்த போதனையை எளிமையாக்கினால் நான்கு நிலைகள் கிடைக்கும். ஓர் எண்ணம் வருகிறது. அதனோடு நான் பேசத் தொடங்குகிறேன். அதற்கு இணங்குகிறேன். அது பழக்கமாகி என்னைக் கட்டிப்போடுகிறது.

முதல் நிலையில் பாவம் இல்லை. இதைப் புதியவர்களுக்கு நூறு முறை சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் தலைகாட்டியது என்பதற்காகவே தன்னைத் தீர்ப்பிட்டுத் துன்புறும் இளைஞர்களை எனக்குத் தெரியும். அது கரை வியர்ப்பது, அவ்வளவுதான். காவல் தேவைப்படுவது இரண்டாம் நிலையில். ஏதேனில் ஏவாள் கனியைப் பறிப்பதற்கு முன் என்ன செய்தாள்? பாம்போடு பேச்சுக் கொடுத்தாள். "அவன் என்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்ற எண்ணம் வருவது ஒன்று. படுக்கையில் புரண்டுகொண்டு, அவன் அப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன் என்று இரவெல்லாம் வசனம் எழுதுவது வேறொன்று. அந்த வசனத்தில்தான் மண் கரையத் தொடங்குகிறது.

அதே துறவிகளில் ஒருவரான இவாக்ரியு, கி.பி. 399-இல் இறந்தவர், நண்பகல் சோர்வைப் பற்றி எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும். காலை பத்து மணி தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை அது துறவியைத் தாக்கும். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பான். இந்த இடமும் இந்த வேலையும் வெறுத்துப்போகும் என்கிறார். அக்கினி நட்சத்திரத்தில் மதுரையில் கடையிலோ அலுவலகத்திலோ அடுப்படியிலோ இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சோர்ந்த அந்த மணி நேரங்களில் கை தானாகவே கைபேசியைத் தேடுகிறது. பெரும் பாவங்களைவிட இந்த வெறுமைதான் பலருடைய ஜெப வாழ்க்கையை மெல்ல வற்றச் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நல்லவற்றுக்குள் இருந்து கசிவது

வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற ஒரு சாதாரணக் கிறிஸ்தவரின் வாழ்க்கையில் இது எங்கே நடக்கிறது?

வீட்டு ஜெபக்கூட்டத்தில் "ஒரு ஜெபக் குறிப்பு" என்று தொடங்கும் பேச்சைக் கவனியுங்கள். "அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், என்ன நடந்தது தெரியுமா..." என்று போகும். அக்கறையும் புறணியும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இப்போது அது வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் போகிறது. அந்தக் குடும்பத்தின் காயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். ஜெபித்தவர்கள் எத்தனை பேர் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பல மடங்கு விலைக்கு எடுப்பது அழகான வழக்கம். கொடுக்கிறவரின் மகிழ்ச்சி அதில் தெரியும். ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லப்படாத ஆண்டில் அதே கை எழுகிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் "மாதக் கடைசியில் போட்டுவிடலாம்" என்று முதல் முறை எடுப்பதும் இப்படித்தான். திருட வேண்டும் என்று அவர் எடுக்கவில்லை.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற வசனத்தை நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். மகனுக்குப் பெண் பார்க்கும் நாள் வந்ததும் "அவர்கள் நல்ல விசுவாசக் குடும்பம்தான், இருந்தாலும்" என்று ஒரு சொல் வரும். அந்த "இருந்தாலும்" என்பதுதான் கலங்கல். நம் சபைகளில் இது பல தலைமுறைகளாகக் கசிந்துகொண்டிருப்பதால் கரையின் நிறமே அப்படித்தான் என்று பழகிவிட்டோம். எந்த ஆபத்தும் மறைவதற்குச் சிறந்த இடம் இதுவே: எல்லாரும் செய்கிற பழக்கம்.

என் கதையையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சபையின் ஓர் ஆண்டு விழா அறிக்கையில், நான் பல மாதங்கள் உழைத்த ஒரு வேலைக்கு என் பெயர் விடுபட்டுப்போனது. நான் கோபப்படவில்லை. "கர்த்தருக்காகத்தானே செய்தேன்" என்று சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன். அதற்குப் பிறகு ஆராதனைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போகத் தொடங்கினேன். பின் வரிசையில் உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் குறை தென்பட்டது, பாடகர் குழுவில் சுருதி சேரவில்லை, கணக்கு வாசித்தால் சந்தேகம் வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஓராண்டு போன பிறகு ஒரு ஞாயிறு மதியம் என் மனைவி கேட்டாள்: "முன்பெல்லாம் ஆலயத்திலிருந்து வந்தால் ஏதாவது ஒரு வசனம் சொல்வீர்கள். இப்போது யாரைப் பற்றியாவது சொல்கிறீர்கள். என்ன ஆயிற்று?" என் உள்ளங்கையில் நானே பிடித்துப் பார்க்காத வெளிச்சம் அது. அந்த அறிக்கை ஒரு நண்டு வளை. அவ்வளவு சின்னது.

சுருக்கமாக: எண்ணம் வருவது இயல்பு, அதோடு உரையாடத் தொடங்கும் இடத்தில் காவல் வேண்டும். ஜெபம், காணிக்கை, குடும்பம், ஊழியம் என நல்லவற்றின் ஓரமாகவே கசிவு தொடங்குகிறது.

கலங்கலைக் கண்டுபிடிப்பது

1606-இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்க மறைப்பணியாளர் இராபர்ட் தெ நொபிலியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் சார்ந்த இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் முதலில் ஒரு போர்வீரர். 1521-இல் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும்போது பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கியது. படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் தம்மைத் தாமே கவனித்தார். வீர தீரச் செயல்களைக் கற்பனை செய்தால் அந்த நேரம் இனித்தது; கற்பனை கலைந்ததும் மனம் வறண்டது. கிறிஸ்துவையும் புனிதர்களையும் பற்றி நினைத்தபோதும் இனித்தது; நினைத்து முடித்த பிறகும் அந்த அமைதி நின்றது. நுழையும்போது இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. வெளியே வரும்போது வேறுபட்டன.

மாமா வயல் பக்கத்தில் விளக்கடித்ததும் இதற்காகத்தான். எதிரியாகிய பிசாசு ஒரு படைத்தலைவனைப் போல் கோட்டையைச் சுற்றிவந்து பலவீனமான இடத்தையே தாக்குவான் என்றும் இஞ்ஞாசியார் எழுதினார். கோட்டையில் காயம்பட்டவர் சொல்லும்போது அதற்கு ஒரு கனம் உண்டு.

இப்படி ஒரு எண்ணம் எங்கிருந்து வருகிறது, எங்கே கொண்டுபோகிறது என்று பிரித்தறிவதைக் கத்தோலிக்கர்கள் தேர்ந்து தெளிதல் என்கிறார்கள். அதற்கான அன்றாடப் பயிற்சி ஆன்ம சோதனை. நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். இந்தப் பயிற்சியை ஒரு கத்தோலிக்க நண்பரிடம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சியே. இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். முதலில் அன்றைய நாளுக்காக நன்றி. பிறகு காலையிலிருந்து நாளை ஒருமுறை நடத்திப் பார்ப்பது. எந்த இடத்தில் மனம் இலகுவாக இருந்தது, எந்த இடத்தில் கடினப்பட்டது? யாருடைய பெயரைக் கேட்டதும் முகம் மாறியது? அதைக் கர்த்தரிடம் மறைக்காமல் சொல்வது, மன்னிப்புக் கேட்பது, நாளைய தினத்தை அவரிடம் ஒப்படைப்பது. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139-ஆம் சங்கீதத்தின் ஜெபம் இதற்குப் பொருத்தமானது. ஆராயும் வேலையை அது முதலில் அவரிடம் கொடுக்கிறது.

கண்டுபிடித்தபின் அடைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வயல் பக்கத்துத் துளையில் வைக்கோலைத் திணித்து அடைத்துவிட்டால் நீர் நின்றதுபோல் தோன்றும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வேறோர் இடத்தில் பீறிடும். தண்ணீர் நுழையும் வாயைக் கண்டுபிடித்து அங்கே களிமண்ணை மிதித்து அடைக்க வேண்டும். நான் ஆராதனைக்கு நேரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தால் மட்டும் என் நிலை சரியாகியிருக்காது. நுழைந்த வாய் அந்த அறிக்கை. அதைத் தயாரித்த சகோதரரின் வீட்டுக்குப் போய், "உங்கள்மேல் ஓராண்டாக வருத்தம் வைத்திருந்தேன், மன்னியுங்கள்" என்று சொன்னபோது அவருக்கு விஷயமே தெரியவில்லை. காப்பி கொடுத்தார். இந்தத் திரும்புதலைத்தான் வேதம் மனந்திரும்புதல் என்கிறது. அது வருத்தப்படுவதோடு நிற்காமல், நுழைந்த வழி வரை திரும்பி நடப்பது.

இன்னொன்று: தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்று எபிரெயர் நிருபம் (3:13) சொல்வதன் காரணம், பாவத்தின் வஞ்சனையால் ஒருவரும் கடினப்பட்டுப்போகக் கூடாது என்பதுதான். வஞ்சிக்கப்பட்டவனுக்குத் தான் வஞ்சிக்கப்பட்டது தெரியாது. பலத்துக்குப் பேர்போன சிம்சோன் தூக்கத்திலிருந்து எழுந்து, கர்த்தர் தன்னைவிட்டு விலகினதை அறியாமல், எப்போதும்போல உதறிக்கொண்டு போவேன் என்றானே. அன்போடு உண்மை பேசும் ஒருவர் வேண்டும். மனைவியாக இருக்கலாம், நண்பராக இருக்கலாம், ஆயராக இருக்கலாம். அவர் கேட்க நாம் அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

கரையைத் தோண்டிப் பார்க்கக் கூடாது

ஓர் எச்சரிக்கை அவசியம். சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பகலும் இரவும் தங்களையே கிளறத் தொடங்குவார்கள். இது பாவமா, அது பாவமா, மன்னிப்புக் கிடைத்ததா இல்லையா என்று முடிவே இருக்காது. கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கரையை நாலு இடத்தில் தோண்டினால், தோண்டியதே உடைப்புக்குக் காரணமாகும். காவலாளி நடந்து பார்க்கிறான், தோண்டுவதில்லை. இந்த அச்சம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் ஆயரிடம் மட்டுமல்ல, மருத்துவரிடமும் போக வேண்டும். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

"கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா" என்கிறது 127-ஆம் சங்கீதம். காவலாளி போய்த் தூங்கலாம் என்று அது சொல்லவில்லை. அவனுக்கு மேலே இன்னொருவர் விழித்திருக்கிறார் என்கிறது. எங்கள் மாமா முறை முடிந்ததும் அடுத்தவரிடம் விளக்கைக் கொடுத்துவிட்டு வந்து நன்றாகத் தூங்குவார்.

உடைத்துக்கொண்டுவிட்டால்?

வகுப்பில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள்: "சரி ஐயா, ஏற்கெனவே உடைந்துவிட்டவர்கள் என்ன செய்வது?"

அவளை யோவான் சுவிசேஷத்தைத் திறக்கச் சொன்னேன். புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு என்ற சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று 18-ஆம் அதிகாரத்தில். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மூன்று முறை மறுதலித்த முற்றத்தில். மற்றொன்று 21-ஆம் அதிகாரத்தில்; உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் தாமே மூட்டிவைத்த நெருப்பு. அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. முதலில் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான் பேதுருவிடம், "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார். மூன்று முறை கேட்டார்.